குடித்தவனுக்கு ஒரு பாலிசி

என்னோடு குடித்துக்கொண்டிருந்தவன் இறந்து மூன்று மாதம் கழித்து, அவன் மனைவி ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு மலாக்கா பக்கம் மெர்லிமாவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆங்கிலக் கடிதம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. என் மகளுக்குப் பதினாறு வயது. அவள்தான் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“ஆண்ட்டி, இன்சூரன்ஸ் எடுக்கிறப்ப அங்கிள் குடிக்கிறது இல்லன்னு பாரத்துல போட்டிருக்காரு. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுல குடிப்பாருன்னு இருக்காம். அதனால குடுக்க முடியாதுன்னு எழுதியிருக்காங்க. கட்டுன காச மட்டும் திருப்பிக் குடுப்பாங்களாம்.”

அவர் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அழவில்லை. தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவனும் நானும் பக்கத்துப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அவன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினான். நான் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஒரே கடையில், ஒரே மேசையில் குடித்தோம். நான் விட்டு ஐந்து வருடம் ஆகிறது. அவன் விடவில்லை.

அவர் போனதும் என் மனைவி கதவைச் சாத்திவிட்டு, “நீங்களும் ஒண்ணு எடுங்க” என்றாள். “ஆனா பொய் சொல்லாம எடுங்க.”

நான் சரி என்றேன். குடியை விட்ட பிறகு நான் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். விட்டால் மனம் தெளிந்துவிடும், சந்தோஷம் வரும் என்று சொன்னவர்கள் உண்டு. அப்படி ஒன்றும் வரவில்லை. துக்கமும் வரவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். அவன் சாவுக்குக்கூட என் கண்ணில் தண்ணீர் வரவில்லை. பிரேதம் ஏற்றும்போது யாருடைய சட்டையை அவனுக்குப் போட்டிருக்கிறார்கள், இவ்வளவு பெரியதாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒரு பெண். எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான். அவளுடைய அப்பாவும் என்னுடைய அப்பாவும் ஒன்றாகப் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். இப்போது அவளுக்கு மலாக்காவில் ஆபீஸ் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். பாரத்தை மேசையில் விரித்து, பெயர், ஐசி நம்பர், வேலை எல்லாம் வேகமாக எழுதிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணே, இப்ப குடிக்கிறது இல்லதானே?”

“இல்ல. அஞ்சு வருஷம் ஆச்சு.”

“அப்ப இதுக்கு ‘நோ’ போட்டுர்லாம் லா. எதுக்கு வீணா இழுத்துக்கிட்டு.”

என் மனைவி கீழே உட்கார்ந்து பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “அதுல என்னா கேட்டிருக்கு? அப்படியே படி” என்றாள்.

ஏஜென்ட் படித்தாள். குடிப்பழக்கம் இப்போது உண்டா, அல்லது எப்போதாவது இருந்ததா என்று கேட்டிருந்தது.

“எப்பயாச்சும்னும் கேட்டிருக்குல்ல? அப்ப ‘யெஸ்’ போடு.”

“போட்டா இன்னொரு பாரம் குடுப்பாங்க அண்ணி. குடி பத்தி மட்டும் தனியா.”

“இருந்தா எடு. அதையும் எழுதிருவோம்.”

அந்தப் பாரமும் அவளுடைய பையில் இருந்தது. இரண்டு பக்கம். எந்த வயதில் தொடங்கினீர்கள் என்ற கேள்விக்குப் பதினெட்டு என்றேன். என்ன குடிப்பீர்கள் என்றால் பீர், சம்சுச் சாராயம். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று அவள் கேட்டபோது, “மூணு, நாலு டின் இருக்கும்” என்றேன்.

“ஆறு டின்” என்றாள் என் மனைவி, காயிலிருந்து கண்ணை எடுக்காமல். “வேல நாளுக்கு ஆறு டின். அதுக்கப்புறம் சம்சு ஒரு சின்னப் போத்தல். சனி, ஞாயிறுல கணக்கு இல்ல. கடைசி ரெண்டு வருஷம் காலையிலயும் உண்டு.”

மளிகைக் கடையில் சாமான் சொல்லி வாங்குகிற குரலில்தான் சொன்னாள். ஏஜென்ட் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் எழுதினாள்.

வேலைக்கு மட்டம் போட்டதுண்டா என்று கேட்டிருந்தது. அதற்கும் மனைவிதான் பதில் சொன்னாள். எந்தக் கம்பெனியில் எத்தனை நாள், எந்தக் கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள் என்று வரிசையாக. அதில் ஒரு கம்பெனி எனக்கே மறந்துபோயிருந்தது. பிறகு குடியினால் குடும்பத்தில் பிரச்சினை ஏற்பட்டதுண்டா என்ற கேள்வி வந்தது. ஏஜென்ட் அதைக் கொஞ்சம் மெதுவாகப் படித்தாள்.

மனைவி கத்தியை வைத்தாள். “வெவரம் எழுத எவ்ளோ எடம் விட்டிருக்கு?”

“ரெண்டு வரி அண்ணி.”

“ரெண்டு வரி பத்தாது. ‘யெஸ்’னு மட்டும் போட்டுரு.”

எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பஸ்ஸில் முன் இருக்கையில் யாரோ இரண்டு பேர் யாரோ ஒருவனைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவதைக் கேட்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன்.

அடுத்த வாரம் மலாக்காவில் ஒரு கிளினிக்கில் பரிசோதனை. டாக்டர் சின்னப் பெண், நம் தமிழ்ப் பிள்ளை. இரத்தம் எடுத்தாள், வயிற்றை அழுத்திப் பார்த்தாள், இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னாள். நீட்டினேன். நடுங்கவில்லை.

“நல்லா இருக்கு அங்கிள். எப்படி விட்டீங்க?”

“ஆஸ்பத்திரியில இருந்தேன். வெளிய வந்து கடைக்குப் போகல.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

அவள் இன்னும் ஏதோ எதிர்பார்த்ததுபோல் இருந்தது. சாமிக்கு நேர்ந்துகொண்டேன், பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். உண்மை அதுவல்ல. முதல் நாள் போகவில்லை, அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. அதற்கு மேல் எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ரிப்போர்ட் வேண்டும் என்று கம்பெனி கேட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சில வாரம் காத்திருந்தேன். தயாராகிவிட்டது என்று போன் வந்ததும் வேலைக்கு லீவு போட்டு மோட்டார் சைக்கிளில் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் ஒரு தடித்த உறையைக் கொடுத்து, “எல்லாமே இருக்கு, நோட்ஸ் எல்லாம் சேத்து” என்று மலாயில் சொன்னாள். வெளியே வந்து மோட்டார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்து பிரித்தேன். எனக்கு ஆங்கிலம் நிதானமாகப் படித்தால் புரியும்.

அந்த நாளைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இரண்டு நாள் காய்ச்சல். எழுந்து கடைக்குப் போக முடியவில்லை. குளிக்கலாம் என்று போனேன். அதற்குப் பிறகு வார்டில் கண் விழித்தேன். நான்கு நாள் கடந்திருந்தது. என்னென்னவோ உளறினேன் என்றார்கள். தினமும் குடிக்கிறவன் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும் என்று டாக்டர் விளக்கினார். கட்டிலுக்குப் பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள்தான் என்னைக் கொண்டுவந்து சேர்த்தாள் என்று ஐந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் பக்கத்தில் எழுதியிருந்தது: பக்கத்து வீட்டுக்காரரும் மகளும் கொண்டுவந்தார்கள். மனைவி வேலையில் இருக்கிறார். விவரம் சொன்னது மகள், வயது பதினொன்று.

அதற்குக் கீழே அவள் சொன்னதை டாக்டர் வரிவரியாக எழுதியிருந்தார். அப்பா தினமும் குடிப்பார். காலையில் கை நடுங்கும், குடித்தால் நின்றுவிடும். இரண்டு நாளாகக் குடிக்கவில்லை. பள்ளி விட்டு வந்தபோது குளியலறை வாசலில் கிடந்தார், கைகால் இழுத்துக்கொண்டிருந்தது. தலைக்கு அடியில் துண்டு வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். நாளொன்றுக்கு எத்தனை டின் என்ற எண்ணிக்கையும் இருந்தது. ஆறு. கடைசியில் ஒரு வரி: பிள்ளை அமைதியாக இருக்கிறாள், கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறாள்.

மூன்று முறை படித்தேன். நெஞ்சில் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். ஒருவர் வந்து மோட்டாரைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார். எழுந்து போய் நகர்த்தினேன். பிறகு காகிதங்களை உறைக்குள் வைத்து, வழியில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் மனைவியிடம், “புள்ளதான் கொண்டு போச்சுன்னு ஏன் எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

“நீங்க கேக்கவே இல்லையே. நாந்தான்னு நீங்களா நெனச்சிக்கிட்டீங்க. நானும் விட்டுட்டேன்.” பிறகு, “ஃபேக்டரியில போன எடுத்து உள்ள வச்சிருவாங்க. ஷிஃப்ட் முடிஞ்சி பாக்கிறேன், அவ பத்து தடவ அடிச்சிருக்கா” என்றாள்.

முதல் கம்பெனி மறுத்துவிட்டது. நான்கு வரிக் கடிதம். ஏஜென்டுக்குத்தான் சங்கடமாக இருந்தது. “நான் அன்னிக்கே சொன்னேன் அண்ணே” என்று தொடங்கி, என் மனைவி அங்கே இருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பிறகு அதே காகிதங்களை வேறொரு கம்பெனிக்கு அனுப்பினாள். அவர்கள் ஈரலை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை இரத்தம் கேட்டார்கள். நான் போய்க் கொடுத்தேன்.

காத்திருந்த அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை காலை மகளை டியூஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது, மாமாக் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட நிறுத்தினோம். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கி என்னை ஆஸ்பத்திரிக்கிக் கொண்டு போனது நீதானாம்மா?”

நிமிர்ந்தாள். “ஆமா. பக்கத்து வீட்டு மலாய்க்கார பாச்சே கார்ல. யாரு சொன்னா?”

“ரிப்போர்ட்டுல இருந்துச்சு. டாக்டருக்கிட்ட எல்லாம் நீதான் சொன்னியாம்.”

“அவரு கேட்டாரு. சொன்னேன்.”

“பயந்தியா?”

“அவரு கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தாருப்பா. பதில் சொல்லிக்கிட்டே இருந்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து யூனிஃபார்ம் தொவச்சேன். மறுநாளுக்கு வேணும்ல.”

“எத்தன டின்னுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

“நாந்தானே மிதிச்சி நசுக்கி மூட்டையில போடுவேன். பழைய சாமான்காரருக்கு.”

அப்படியா என்றேன். நான் போட்டுவிட்டுப் போகும் டின்கள் எங்கே போகின்றன என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ரொட்டி வந்தது. அவள் பிய்த்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. “மன்னிச்சிருமா” என்றேன். அது தண்ணீர் வேண்டும் என்று கேட்பதுபோல்தான் வெளியே வந்தது. அதற்கு மேல் எனக்கு வரவில்லை.

“ம்” என்றாள். பிறகு, “அம்மாக்கிட்ட சொல்லிட்டீங்களா, இதே மாதிரி?”

“இல்ல.”

“சொல்லுங்க.”

உடனே சொல்லவில்லை. இரண்டு வாரம் ஆனது. ஒரு சாயங்காலம் என் மனைவி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று சொன்னேன். அவள் கையில் என் வேலைச் சட்டை இருந்தது. அதை உதறி மடித்தாள். நான் சொன்னது காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

“எதுக்குன்னு சொல்லலையே” என்றாள்.

“எல்லாத்துக்கும்.”

“எல்லாத்துக்கும்னா ரெண்டு வரியில முடிஞ்சிரும். ஒவ்வொண்ணா சொல்லுங்க, நேரம் இருக்கிறப்ப. இப்ப அந்த வாளிய எடுத்து உள்ள வைங்க, மழ வருது.”

வாளியை எடுத்து வைத்தேன். அதன் பிறகு சில நாள் ஒன்றிரண்டு சொன்னேன். மறந்துபோன கம்பெனியைப் பற்றி. பிள்ளையின் பள்ளி விழாவுக்குப் போகாததைப் பற்றி. சிலதை அவளே ஞாபகப்படுத்தினாள். ஒருநாள் அவள் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவில்லை, அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இரண்டாவது கம்பெனி ஒப்புக்கொண்டது. நாங்கள் கேட்டதைவிடக் குறைந்த தொகைக்கு. மற்றவர்கள் கட்டுவதைவிடப் பாதிக்கு மேல் கூடுதலாக மாதம் மாதம் கட்ட வேண்டும். ஏஜென்ட் காகிதங்களைக் கொண்டுவந்து வைத்து, “இதுவே பெரிய விஷயம் அண்ணே” என்றாள். வாரிசு என்ற இடத்தில் மனைவி பெயரும் மகள் பெயரும் பாதிப் பாதியாக எழுதினாள்.

“எது வரைக்கும் கட்டணும்?” என்று மனைவி கேட்டாள்.

“அண்ணனுக்கு எழுவது வயசு வரைக்கும்.”

“அவ்ளோ நாளு இருப்பாருன்னு நெனக்கிறாங்களா?”

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

“ரத்தம், ஸ்கேன் எல்லாம் பாத்து, கணக்குப் போட்டுத்தான் எடுப்பாங்க அண்ணி. இருக்க மாட்டாருன்னா வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க.”

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். முகம், கழுத்து, கை என்று நிதானமாகப் பார்த்தாள். எனக்கு நாற்பத்தெட்டு. எழுபதுக்கு இன்னும் இருபத்திரண்டு வருடம். அவ்வளவு வருடத்தை என்ன செய்வது என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

“அப்ப சரி” என்றாள். “எங்க கையெழுத்துப் போடணும், காட்டு.”

சாட்சிக்கு அவள் கையெழுத்து வேண்டியதில்லை என்று ஏஜென்ட் சொன்னாள். என்னுடையது மட்டும் போதும். நான் போட்டேன். மறுநாள் எனக்குக் காலை ஷிஃப்ட்.