ஐஸில் வைத்த தார்

ஊசி தாரைத் தொடும்போது அப்புத்துரையர் மூச்சை அடக்கிக்கொள்வார். பக்கத்தில் நிற்பவரும் அடக்க வேண்டும். யாராவது தும்மினால் போச்சு. "ஊசி ஆடிப்போச்சு, திரும்பப் பிடிப்பம்" என்று முதலிலிருந்து தொடங்குவார்.

கிளிநொச்சியில் றோட்டுத் தார் சோதிக்கும் அந்தத் தகரக் கொட்டகையை அவர் "லாபரட்டறி" என்றுதான் சொல்வார். யாழ்ப்பாணத்திலிருந்து மரத்தூளில் புதைந்து பஸ்ஸில் வரும் ஐஸ்கட்டியைக் கைப்பிள்ளையைப் போல இறக்குவார். சர்பத்துக்கு ஒரு துண்டு கேட்ட மனைவி இரஞ்சிதத்திடம், "அது தாருக்கு வந்தது" என்று சொன்னவர் அவர். வெளியே காகம் வாய்பிளந்து கிடக்கும் வெயிலில், தகரப் பேணிக்குள் தார் குளிர்நீரில் சுகமாகக் கிடக்கும். அதில் ஊசியை இறக்கிப் பார்ப்பார். சீமையில் அச்சடித்த புத்தகம் சொன்ன அளவோடு ஊசி நின்றால், பீப்பாயில் வெண்கட்டியால் "சரி" என்று போடுவார். அந்தச் சரியை எஞ்சினியராலும் அழிக்க முடியாது.

அப்படிச் சரி வாங்கிய தாரில்தான் கண்டாவளைப் பக்கம் பாதி றோட்டுப் போட்டிருந்தார்கள். மிச்சப் பாதிக்கான பீப்பாய்கள் அவருடைய ஊசிச் சோதனையில் தேறி வெண்கட்டிக்காகக் காத்து நின்ற அன்று, கமக்காரன் தவராசா வந்தான். சிறுபோக நெல் ஏற்றிய அவன் மாட்டு வண்டி அந்தப் புது றோட்டின் நடுவில் நின்றுபோயிருந்தது. கையில், மாட்டின் குளம்பிலிருந்து சுரண்டிய தார்.

"ஐயா, மாடு காலை எடுக்கேலாமல் நிக்குது. இழுத்ததிலை குளம்பு பிளந்துபோச்சு. மிச்ச றோட்டுக்கும் இந்தத் தார்தானோ? நெல்லை மில்லுக்குக் கொண்டுபோக எங்களுக்கு வேறை வழியில்லை."

அப்புத்துரையர் அதை விரலாலும் தொடவில்லை. "இது முறையா எடுத்த சாம்பிள் இல்லை. சாணியும் வைக்கலும் கிடக்கு."

"அப்ப நீங்களே வந்து எடுங்கோவன். ரெண்டு கட்டைத் தூரந்தான்."

"வெயிலுக்கை சோதிக்கச் சொல்லிப் புத்தகத்திலை இல்லைத் தம்பி. தார் சரி. உங்கடை வெயில்தான் பிழை."

"அப்படியெண்டால் றோட்டு முழுக்க ஐஸைப் பரப்பி விடுங்கோ ஐயா. மாடும் உங்களைக் கும்பிடும்."

பீப்பாய் உருட்ட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்புத்துரையருக்கு முகம் கறுத்தது. வெண்கட்டியை எடுத்தார். ஒரு பீப்பாய் விடாமல், வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் "சரி" என்று போட்டார்.

அவருடைய வீடும் கண்டாவளைப் பக்கந்தான். கந்தோர் வேலை முடிந்து வந்தவர், புதுத் தார் தொடங்கும் இடத்தில் சைக்கிளைவிட்டு இறங்கினார். முன்னும் பின்னும் பார்த்தார். ஒருவருமில்லை. களிசானை முழங்கால் வரை மடித்து, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, றோட்டோரக் கானைத் தாண்டி முட்பற்றைக்குள் இறங்கி நடந்தார்.