ஃபுட்டரில் போட்ட பேர்

உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? கடையை விட்டுவிட்டு அக்கடா என்று உட்கார்ந்தவளிடம் வந்து, "டி.டி.பி. வேலை அனுபவத்தை எழுதிக் கொடுங்க, சின்னவங்க படிப்பாங்க" என்கிறீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். நான் எங்கே சறுக்கினேன் என்று தெரிந்துகொள்ளத்தானே இத்தனை ஆசை? சரி, கேட்டுத் தொலையுங்கள்.

1. ஓரம் என் பொறுப்பு

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எங்கள் கடை. காலேஜ்காரர்கள் ஆராய்ச்சி செய்து ஜர்னலுக்கு அனுப்பும் பேப்பர் எல்லாம் என் கைக்குத்தான் வரும். இங்கிலீஷில் எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. மார்ஜின் ஒரு இஞ்ச், டபுள் ஸ்பேஸ், ஓரத்தில் லைன் நம்பர், டேபிள் எல்லாம் கடைசியில். ரெஃபரன்சில் ஒரு கமா குறைந்தாலும் கண்ணில் குத்தும்.

ஒரு புரொபசர், "எப்படிம்மா இருக்கு என் பேப்பர்?" என்று கேட்டார்.

"ஓரம்லாம் சோக்கா கீது சார். நடுவுல இன்னா எழுதிகீறீங்கன்னு உங்களுக்குத்தான் வெளிச்சம்" என்றேன்.

2. ரோஸ்லினின் பேப்பர்

ரோஸ்லின் எங்கள் தெருப் பெண். அவள் அப்பா மதுராந்தகம் பக்கம் கூலிக்கு நடவு செய்தவர். இங்கே வந்து லாரியில் மூட்டை ஏற்றினார். இவள் மதுராந்தகம் ஏரித் தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி செய்தாள். அந்த வருஷத்துக்குள் ஒரு ஜர்னல் அவள் பேப்பரை ஏற்றுக்கொண்டால்தான் தீசிஸ் கொடுக்க முடியும்.

"ஆயா, என் பேரு எங்கயும் வரக் கூடாது. யார் எழுதுனதுன்னு தெரியாம படிச்சாத்தான் நியாயமா சொல்லுவாங்க. பேருக்குத் தனியா ஒரு பக்கம் கீது" என்றாள்.

"இன்னாடி அநியாயம்? ஒரு சொம்பு வாங்குனாகூட பேர் வெட்றோம். நாலு வருசமா ஏரித் தண்ணிய மொண்டு மொண்டு எழுதிகீற. எவனாவது தன் பேரப் போட்டுக்குனா?"

"அப்டிலாம் பண்ண மாட்டாங்க ஆயா. பி.டி.எஃப். பண்ணி எனக்கு மெயில்ல போடு, நான் ஜர்னலுக்கு ஏத்திக்கிறேன். இன்னிக்குத்தான் கடைசி நாளு."

ஒவ்வொரு பக்கமாக ஸ்க்ரீனில் பார்த்துவிட்டு பஸ் பிடிக்க ஓடினாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. என் கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்த குடத்தில் பேர் வெட்டாமல் விட்டோம். நாத்தனார் கல்யாணச் சீரில் அந்தக் குடம் போய்விட்டது. என்னுடையது என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த நினைப்பில், எல்லாப் பக்கத்திலும் கீழே ஃபுட்டரில், எட்டு சைசில், அவள் பேரையும் ஊரையும் போட்டேன். இத்தனூண்டு எழுத்து, யார் பார்க்கப் போகிறார்கள்?

அவள் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே, திறந்துகூடப் பார்க்காமல், அதை ஜர்னலுக்கு ஏற்றிவிட்டாள். ஆயா செய்தால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை.

நாலாம் நாள் பதில் வந்தது. எழுதியவர் பேர் தெரிகிறது, அதனால் யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை, கடைசி நாளும் முடிந்துவிட்டது என்று. ரோஸ்லின் போனை என் முன்னால் நீட்டினாள்.

"ஆயா, இத யாரு போட்டது?"

"நான்தான்."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு, "இது சொம்பு இல்ல ஆயா" என்றாள். அவ்வளவுதான்.

வேறு ஜர்னலுக்கு அனுப்பிப் பதில் வருவதற்குள் தீசிஸுக்கான கெடு முடிந்துவிட்டது. இப்போது மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல் ரிசப்ஷனில் நிற்கிறாள். சட்டையில் அவள் பேரைக் குத்தியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, பேர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பேப்பர் அவர்களுடையது. உங்கள் பாசத்தை அதில் ஏற்றாதீர்கள்.

பேப்பர் திரும்பி வந்த அந்த வாரம் தண்ணீர்க் குழாயடியில், எதிர்வீட்டு மல்லிகா, "நாலு வருசம் படிச்சுக் கிழிச்சா. பேப்பரத் திருப்பி அனுப்பிட்டாங்களாமே" என்றாள்.

"அவ எழுதுனத எவனும் படிக்கவே இல்லடி. வாணாம்னு சொல்லியும் அவ பேர நான்தான் போட்டேன். கெட்டது என் கையால" என்றேன்.

குழாயடியே சிரித்தது. "இந்த ஆயாவுக்கு எப்பப் பாரு தமாசு!"

"தமாசு இல்லடி, நெசமாத்தான் சொல்றேன்" என்றேன். இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.