ஒல்லாந்து மாணவர்களின் வேட ஊர்வலமும் எங்கள் குகனும்

1997 பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, அக்காவும் நானும் ரொறன்ரோ நகரத்துக்குள் இருக்கும் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒல்லாந்து மாணவர்கள் ராசா, தளபதி வேடமிட்டு ஊர்வலம் போனதைக் கல்லில் வரைந்து அச்சிட்ட கல்லச்சுப் படங்கள் அங்கே இருப்பதாகப் பேப்பரில் வந்திருந்தது. அந்தக் குளிரில் படம் பார்க்க யார் போவார்? எங்கள் தம்பி குகனும் பல்கலைக்கழக நாடகத்தில் ராசாவாக நின்றவன். தொண்ணூறில் யாழ்ப்பாணத்தில் காணாமல் போனான்.

எங்கள் வீடு இருக்கும் அஜின்கோர்ட்டில் காலை 9.10க்கு ஷெப்பேர்ட் பஸ், யங் தெருவில் இறங்கிச் சப்வே. இருபது கிலோமீற்றர்தான், ஆனால் ஒன்றேகால் மணிநேரம். ஆளுக்கு இரண்டு டொலர். வழிமுழுதும் அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே குகனின் படம், அதாவது நான் மிச்சம் வைத்த துண்டு.

எட்டுப் பேர் வேடத்தோடு நின்ற குழுப்படம் அது. கீழே வரிசையாகப் பெயர்கள். அவனுடைய வேறு படம் எங்களிடம் இல்லை. காணாமல் போனோர் விண்ணப்பத்துக்குப் பாஸ்போர்ட் அளவில் கேட்டார்கள் என்று கிரீடம், நண்பர்கள், பெயர்கள் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். அவசரக் குடுக்கை நான். ஒட்டுத்தாடியில் முகம் தெரியவில்லை என்று அதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நூலகப் பெண் படங்களை மேசையில் விரித்தார். குதிரைகள், இறகுத் தொப்பிகள், பொய்த்தாடிகள். ஒவ்வொரு மாணவனின் காலடியிலும் அவன் பெயர். ஓரத்தில் ஓவியரின் பெயர், பிறந்த ஆண்டு, ஒரு கோடு, இறந்த ஆண்டு.

"உவையளுக்கெல்லாம் பேர் கிடக்கு. எங்கட பிள்ளையின்ர பேரை நீ வெட்டிப் போட்டாய்," என்றாள் அக்கா. அதுவரை ஒரு நாளும் அவள் அதைச் சொன்னதில்லை.

"பிழைதான் அக்கா," என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவள் பையிலிருந்து எடுத்துக் கையோடு கொண்டுவந்த குகனின் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "எழுது."

போக நினைப்பவர்களுக்கு: முதல்நாளே போன் பண்ணிச் சொல்லுங்கள். அனுமதி இலவசம். பையை வாசலில் வாங்கி வைப்பார்கள், வேண்டியதைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பேனாவை உள்ளே விடமாட்டார்கள். பென்சில் அவர்களே தருவார்கள்.

அந்தப் பென்சிலால்தான் குகனின் முழுப்பெயரை எழுதினேன். பிறந்த ஆண்டு எழுதினேன். ஓவியரின் குறிப்பைப் பார்த்த கை, தன்பாட்டில் பக்கத்தில் ஒரு கோடும் போட்டுவிட்டது.

அக்கா என் கையைப் பிடித்தாள்.

"கோடு போடாதை."

விரலால் தேய்த்தாள். பென்சில் என்றபடியால் அழிந்தது.