சீர்த்தட்டில் வந்த கம்ப்யூட்டர்

சுகிர்தா என்கிற பெயரை நான் முதலில் கேட்டது தையல்நாயகி வாயால்தான். தையல்நாயகி என் வீட்டுக்காரருக்குப் பங்காளி மகள், தருமபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். தம்பி சிவக்குமாருக்குப் பெண் பார்த்துவிட்டு நேராகக் குரும்பகரம் வந்தவள், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு சொன்னாள்.

"பேரு சுகிர்தாவாம் சின்னம்மா. கம்ப்யூட்டர் படிச்சிட்டு காரைக்கால்ல ஆடிட்டர் ஆபீசுக்குப் போவுது. காபியில சர்க்கரை பத்தலையேன்னு சும்மா ஒரு வார்த்தை சொன்னேன். 'ஆமாங்க, வீட்டுல அவ்வளவுதான் இருந்துச்சு'ங்குது. பொண்ணு பார்க்க வந்த எடத்துல எவளாவது அப்புடிச் சொல்வாளா?"

"அப்ப வேண்டாங்குறியா?"

"வேணும். பொய் சொல்லத் தெரியாதவ நம்ம வீட்டுல ஒருத்தியாவது இருக்கட்டும்."

அப்படித்தான் அவள் இந்த ஊருக்கு வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் ஆடிட்டர் திருஞானசம்பந்தத்திடம் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஒரு பெண் பிறந்தது. அது நடக்கப் பழகிய வருஷம், சிவக்குமார் கதிர் அறுக்கிற மெஷின் மேலிருந்து தவறி விழுந்தான். உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

படுத்தவனை அப்படியே விட்டால் முதுகில் புண் வந்துவிடும். புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், துடைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். சுகிர்தா வேலையை விட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒன்றொன்றாகக் குறைந்தது. முதலில் மாடு போனது, பிறகு பிரிட்ஜ். வயலைக் குத்தகைக்கு விட்டார்கள். ஒருநாள் நான் போனபோது பிள்ளைக்குப் பால் இல்லாமல் வடித்த கஞ்சியில் சர்க்கரை போட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். "பால்காரர் வரலையா?" என்றேன். "வர வேண்டாம்னு சொல்லிட்டேன் அத்தை" என்றாள்.

ஆடிட்டர் நல்ல மனுஷர். சிவக்குமாரைப் பார்க்க வந்தவர், போகும்போது வாசலில் நின்று சொன்னார். "வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் வச்சுக்கம்மா. கடைக்காரங்க பில்லெல்லாம் அனுப்பி வைக்கிறேன், இங்கேருந்தே அடிச்சுக் குடு. ஒண்ணாம் தேதி ஆரம்பிக்கணும். அதுக்கு மேல காத்திருக்க முடியாது. வேற ஒரு பொண்ணு கேட்டுக்கிட்டு இருக்கு."

கம்ப்யூட்டருக்கு எங்கே போவாள்? காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அமீர் நிஷா அவளுக்கு ஆபீஸ் காலத்துச் சிநேகிதி. அவள்தான் வழி சொன்னாள். "பில் அடிக்கிறதுக்கு முழு செட்டு எதுக்குக்கா? சாமான் சாமானா வாங்குங்க. மானிட்டர் பழசு எங்கிட்ட கெடக்கு. மீதியைக் கொண்டாங்க, நான் வந்து மாட்டிவிடுறேன்."

பிள்ளைக்குக் காது குத்த வேண்டிய வயசு. சொந்தமெல்லாம் சீர் செய்யத்தான் போகிறது. சுகிர்தா வெட்கத்தை விட்டு ஒவ்வொருவரிடமும் கேட்டாள். வெள்ளிக் கிண்ணம் வேண்டாம், பட்டுப்பாவாடை வேண்டாம், ஆளுக்கொரு சாமானாகக் கம்ப்யூட்டருக்கு வாங்கிக் கொடுங்கள் என்று. எந்தச் சாமான், எது மலிவு என்று அமீர் நிஷாவைக் கேட்டுச் சொன்னாள். எனக்குக் கீபோர்டு. நாத்தனார் தையல்நாயகிக்குப் பெட்டியும் மதர்போர்டும். மதர்போர்டு என்பது பலகை மாதிரி. மற்றதெல்லாம் அதன்மேல்தான் உட்காருமாம். அதற்குப் பொருந்துகிற பிராசசர் சுகிர்தாவின் அண்ணன் செந்தில்குமார் பங்கு. பிஸ்கட் அளவுதான் இருக்கும், அதுதான் மூளை என்றாள். காதுக்குக் கம்மல் தாய்மாமன் போட வேண்டியது. "அது வேண்டாம்ணே, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் தாலியில் கிடந்த குண்டுகளை அழித்துப் பொட்டளவு கம்மல் செய்தாள்.

மாங்கனித் திருவிழா கழிந்த மறு வாரம் காது குத்து. தையல்நாயகி பெட்டியைத் தாம்பாளத்தில் வைத்து, இரண்டு பேர் தூக்க, மேளத்தோடு வந்தாள். என் கீபோர்டு வாழைச்சீப்புக்கு நடுவில் இருந்தது. கடைசியாகச் சென்னையிலிருந்து செந்தில்குமார். பிள்ளையின் அத்தை தையல்நாயகி இரண்டு சாமான் செய்கிறாள் என்று கேள்விப்பட்டவன் சும்மா இருப்பானா? தங்கை சொன்ன சின்னதை விட்டுவிட்டு, கடையிலேயே பெரிதாகப் பார்த்து வாங்கி வந்திருந்தான்.

"தாய்மாமன் சீரு எல்லாருக்கும் தெரியட்டும், தொறந்து வைங்க!" என்றான்.

எங்கள் பக்கத்துச் சீர் மூடியிருந்தால் மரியாதை இல்லை. அட்டையைக் கிழித்து, உள்ளே இருந்ததை எடுத்து வெற்றிலைமேல் வைத்தார்கள். பெரியவர்கள் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நாத்தனார் கொண்டுவந்த பலகைக்கும் வைத்தார்கள். சுகிர்தா மட்டும் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அமீர் நிஷா வந்து பாயை விரித்து உட்கார்ந்தாள். பலகையைப் பார்த்தாள், பிராசசரைப் பார்த்தாள், இரண்டையும் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, இது வேற கம்பெனி. இந்தப் பலகையில உட்காராது."

"அழுத்திப் பாரேம்மா" என்றான் கட்டிலில் கிடந்த சிவக்குமார்.

"அழுத்துனா உள்ள இருக்குற முள்ளெல்லாம் மடங்கிரும்ணே. அப்பறம் பலகையும் போயிரும். ஒண்ணு அதை மாத்தணும், இல்லன்னா இதை மாத்தணும்."

திருப்பித் தரலாம் என்றால் இரண்டு அட்டையும் கிழிந்து கிடந்தன. குங்குமம் அப்பிய சாமானை எந்தக் கடைக்காரன் வாங்குவான்? ஒண்ணாம் தேதிக்கு மூன்றே நாள்.

சுகிர்தா அண்ணனுக்குப் போன் போட்டாள். பக்கத்தில் நான் இருந்தேன்.

"அண்ணே, நீ வாங்குனது பொருந்தலைண்ணே. இதை வித்துட்டு நான் சொன்ன சின்னதை வாங்கிக்கட்டுமா?"

"ஊரே பார்த்த சீரை விக்கிறியா? வித்தா உனக்கு அண்ணன் இல்லைன்னு நெனச்சுக்க. பலகையை மாத்தச் சொல்லு உன் நாத்தனாரை!"

தையல்நாயகியிடம் கேட்டாள். அவளுக்கும் முகம் சிவந்துவிட்டது. "நீ சொன்னதைத்தானே நான் வாங்குனேன்? அவரு பெருமைக்கு வாங்குனா நான் எதுக்கு மாத்தணும்? எங்க வீட்டுச் சீரு வாசல் தாண்டித் திரும்பி வந்ததில்லை சுகிர்தா."

இரண்டு பேரும் நல்லவர்கள்தான். அன்றைக்கு யாருமே அவளுக்கு இல்லை. அடுக்களைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். சத்தம் வெளியே வரக்கூடாதென்று முந்தானையைப் பல்லில் கடித்திருந்தாள். உள்ளே சிவக்குமார், "என்னைக் கொண்டுபோய் எங்கேயாவது போட்டுட்டு வேலைக்குப் போ புள்ள" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் காலையில் போனேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவள் கம்மலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். காது குத்திய ரணம் ஆறவில்லை. பிள்ளை வீறிட்டது. துவாரம் தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியைச் சீவி, தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்தாள். "நான் பிடிச்சுக்கிறேன்" என்று தலையைப் பிடித்தேன். குச்சியை இரண்டு காதிலும் செருகினாள். கம்மலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு காரைக்காலுக்குப் பஸ் ஏறினாள். சாயங்காலம் அமீர் நிஷாவோடு திரும்பி வந்தாள். சின்ன பிராசசர் அந்தப் பலகையில் அப்படியே உட்கார்ந்தது. ஒண்ணாம் தேதி வேலை ஆரம்பித்தது. அண்ணன் கொடுத்ததைப் பழைய அட்டையிலேயே வைத்து சாமி மாடத்தில் வைத்தாள்.

அடுத்த மாதம் செந்தில்குமார் வந்தான். மேஜைமேல் கம்ப்யூட்டர் ஓடுவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"பலகையை மாத்திட்டாங்கள்ல? நான்தான் சொன்னேனே! என் சீரு எப்புடி ஓடுது பாருங்க மாப்ளே!"

"ஆமாம் மச்சான், சூப்பரா ஓடுது" என்று சிவக்குமார் படுத்தபடியே முந்திக்கொண்டான். நானும் தலையை ஆட்டினேன். அத்தோடு முடிந்திருக்கும்.

"இல்லண்ணே" என்றாள் சுகிர்தா. "உன்னோடது மாடத்துல இருக்கு. பாப்பா கம்மலை வித்து வேற வாங்கிட்டேன்."

செந்தில்குமார் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்து முடியை ஒதுக்கினான். குச்சியைத் தொட்டான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேனேண்ணே."

அவன் எழுந்தான். மாடத்திலிருந்து அட்டையை எடுத்தான். உள்ளே இருந்ததன்மேல் காய்ந்து போயிருந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் தேய்த்தான், சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். கலக்கி வைத்த காபியைத் தொடாமல் படி இறங்கினான். சுகிர்தா ரோடு வரைக்கும் பின்னாலேயே ஓடினாள். பஸ் போன பிறகும் அங்கேயே நின்றாள். சிவக்குமாரைப் புரட்டும் நேரமாகிவிட்டது என்று நான்தான் கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு பொங்கல் வந்து போய்விட்டது. அண்ணன் வீட்டுச் சீர் வரவில்லை. பிள்ளை காதில் இப்போது கவரிங் தோடு. பால்காரர் மறுபடி வருகிறார். சுகிர்தா குரும்பகரத்தில் அதே வீட்டில், சிவக்குமார் கட்டிலை ஒட்டிப் போட்ட மேஜையில் உட்கார்ந்து, ஆடிட்டர் அனுப்புகிற பில்களை அடித்துக்கொண்டிருக்கிறாள்.