சிவப்பு அட்டை கட்டிய கணினி

ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் குடியேறிய பிறகு என் நிர்வாகத்தில் மிஞ்சியது, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு பழைய கணினி மட்டும்தான். திருவெறும்பூர் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இயந்திரப் பராமரிப்பில் இருந்தவன் நான். கை சும்மா இருக்காது. தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்து, எந்த மென்பொருளுக்கெல்லாம் அப்டேட் வந்திருக்கிறது என்று பார்ப்பேன். வந்தது எதையும் விடமாட்டேன். ஒரு தடவைகூடத் திறக்காத சதுரங்க விளையாட்டையும் புதுப்பித்தே வைத்திருந்தேன்.

அதே கணினியில்தான் என் மனைவி காலை ஏழு மணிக்குப் பாசுர வகுப்பு எடுக்கிறாள். பதினோரு பெண்கள், கே.கே. நகரில் மூன்று பேர், மற்றவர்கள் வெளியூர், வெளிநாடு. என் அப்டேட்டால் இரண்டு தடவை வகுப்பு நின்றது. இரண்டாவது தடவை அவள் கத்தக்கூட இல்லை.

"இன்னொரு தடவை நின்னா வகுப்பையே விட்டுடறேங்க. அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது?" என்றாள்.

எனக்குப் பயமாகிவிட்டது. பிள்ளைகள் வெளியூர் போன பிறகு, அவள் நல்ல புடவை கட்டி முகத்தில் ஒரு களையோடு உட்காருவது அந்த வகுப்புக்காகத்தான்.

"உங்க ஃபேக்டரில ஒரு மெஷினைத் தொடக்கூடாதுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

சிவப்பு அட்டை கட்டுவோம் என்றேன். சுவிட்சில் அது தொங்கினால் மேலதிகாரியே வந்தாலும் தொடக்கூடாது. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். என் கெட்ட நேரம், அதைப் பெருமையாக வேறு சொன்னேன்.

மறுநாள் மானிட்டரைச் சுற்றி அட்டைகள் தொங்கின. கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் செய்திருந்தாள். பச்சை என்றால் நான் அப்டேட் செய்யலாம், சிவப்பு என்றால் தொடக்கூடாது. பிரவுசருக்குப் பச்சை. "வெளியாளுங்க வர்ற வாசல். பூட்டு புதுசா இருக்கணும்" என்றாள். சதுரங்கத்துக்கும் பச்சை, நான் நோண்டிக்கொண்டிருப்பதற்காக. ஒலி, கேமரா, வகுப்பு நடக்கும் செயலி மூன்றுக்கும் சிவப்பு. பிரிண்டருக்கும் சிவப்பு. எங்களிடம் பிரிண்டரே கிடையாது. "வாங்கினா?" என்றாள். ஒவ்வொன்றிலும் தன் கையெழுத்தையும் போட்டிருந்தாள். நானும் அடங்கி, சிவப்பானவற்றை அப்டேட் ஆகாதபடி கணினிக்குள்ளும் பூட்டி வைத்தேன்.

ஐந்து வாரம் தாங்கினேன். ஒருநாள் காலை ஆறரை மணிக்கு ஒலி மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தது. அவள் பூஜையறையில் இருந்தாள். அட்டையை நான் அவிழ்க்கவில்லை. ஒரு கையால் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பூட்டைத் திறந்து அப்டேட் செய்தேன். விதியை மீறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏழு மணிக்கு அவள் பாட ஆரம்பித்தாள். திரையில் மைக்குக்கான பச்சைக் கோடு ஆடவே இல்லை. அவள் பாடும்போது கண்ணை மூடிக்கொள்வாள். மற்றவர்களின் மைக் எப்போதும் அணைந்தே இருக்கும்; அவள் ஒரு வரி சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்வது உதட்டசைவில்தான் தெரியும். கேமராவுக்கு எட்டாத நாற்காலியில் நான் வேர்த்து உட்கார்ந்திருந்தேன்.

ஓரத்தில் ஒரு செய்தி வந்தது: "டீச்சர், சத்தம் வரலை." இன்னொன்று: "எனக்கும்." பிறகு கே.கே. நகரிலிருந்து ஒருவர் எழுதினார்: "இன்னைக்கு மௌனமா சொல்லிக் குடுக்கறாங்க போல. உதட்டைப் பாருங்க."

அதன்பின் புகாரே இல்லை. பதினோரு பேரும் அவள் உதட்டைப் பார்த்து உதட்டை அசைத்தார்கள். அவள் தலையாட்டினால் பதினோரு தலைகள் ஆடின. நான் வாயைத் திறந்தால் வகுப்பு நிற்கும், நின்றால் இனி என்றைக்கும் வகுப்பு இல்லை. முக்கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முடிவில் எல்லாரும் கைகூப்பினார்கள். "இன்னைக்கு மனசுக்கு ரொம்ப நிம்மதியா இருந்தது டீச்சர்" என்று ஒருவர் எழுதினார்.

திரை அணைந்ததும் மன்னிப்புக் கேட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் புத்தகத்தை மூடினாள்.

"தெரியும். முதல் பாசுரம் முடிஞ்சு கண்ணைத் திறந்தப்பவே அவங்க எழுதினதைப் பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏன் நிறுத்தலை?"

"நிறுத்தியிருந்தா நீங்க சரிபண்ண உக்காந்திருப்பீங்க. நாளைக்கு வகுப்பும் போயிருக்கும்."