சிலுவை போட எடுத்த கை

அந்த ஞாயிறு திருப்பலியில், அஞ்ச வேண்டாம் என்று ஆண்டவர் சொல்லும் வாசகத்தைப் படித்தது நான்தான். மதியம் குடும்பத்தோடு குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போனோம்.

பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக் குளித்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் செம்மண் நிறமானது. போலீஸ் விசில் அடிப்பதற்குள் கல்லும் கிளையுமாக வெள்ளம் தோளில் இறங்கியது. பயந்தால் சிலுவை போட்டே பழகிய என் வலது கை, என்னைக் கேட்காமலே கம்பியை விட்டு நெற்றிக்குப் போனது. கால் வழுக்கியது. இடது கையும் நழுவியது. இயேசுவே என்று கத்த வாய் திறந்தால் தண்ணீர்தான் புகுந்தது.

பக்கத்தில் முக்காட்டோடு குளித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். “ஏட்டி, ரெண்டு கையாலயும் கம்பியப் பிடி! மனசுக்குள்ள கும்புட்டா ஆண்டவனுக்குக் கேக்காமலா போவும்?” என்று கத்தியபடியே படி வரைக்கும் இழுத்து வந்தார். வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பிவிட்டுப் பெயர் கேட்கத் திரும்பினேன். கூட்டத்தில் அவரைக் காணோம்.

அடுத்த ஞாயிறு கோயிலில் சிலுவை போடக் கையைத் தூக்கினேன். மணிக்கட்டில் அந்த அக்காவின் விரல்கள் பதிந்து கன்றிய தடம் தெரிந்தது. ஊருக்கே நான் படித்துச் சொன்ன வாசகத்தை, எனக்குச் சொன்னது அந்தப் பிடிதான். ஆனாலும் கால் மறுபடி வழுக்குவதுபோல இருந்தது. இடது கையால் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் சிலுவை போட்டேன். இன்றும் அப்படித்தான்.