நான் மறைத்த கமெண்ட்

புனேயில், பாணேர் பகுதியில் நான் வேலை பார்த்த விளம்பர நிறுவனத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. மின்சார ஸ்கூட்டர் விற்கும் ஒரு கம்பெனி தமிழ்நாட்டில் கடை திறந்து சில மாதம் ஆனபோது, அவர்களுடைய சமூக வலைத்தளத் தமிழ்ப் பக்கத்தை என்னிடம் கொடுத்தார்கள். போஸ்ட் எழுதுவது, கமெண்ட்டுகளுக்குப் பதில் போடுவது எல்லாம் நான்தான்.

முதல் மாதம் புகார் எதுவும் பக்கத்தில் தெரியக் கூடாது என்று எங்கள் டீம் லீட் சொல்லியிருந்தாள். புனேக்காரி, பத்து வருஷ அனுபவம். "அழிக்காதே, அழிச்சா சண்டைக்கு வருவாங்க. ஹைட் பண்ணு" என்பாள். ஹைட் செய்தால், எழுதியவரின் கண்ணுக்கும் அவருடைய நண்பர்களுக்கும் கமெண்ட் அப்படியே இருக்கும். மற்ற யாருக்கும் தெரியாது. கூடவே இன்பாக்ஸில் ஒரு வரி அனுப்புவோம்: உங்கள் எண்ணையும் வண்டி வாங்கிய மாதத்தையும் தாருங்கள், எங்கள் குழு தொடர்புகொள்ளும். வந்தவை ஒரு ஷீட்டில் சேரும், ஷீட் கம்பெனிக்குப் போகும். அதன் பிறகு என்ன ஆகிறது என்று நான் கேட்டதில்லை.

ஈரோட்டிலிருந்து ஒரு பெண் எழுதினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வண்டி சில சமயம் தானாக இழுக்கிறது என்று எழுதியிருந்தார். மறைத்தேன். நான்கு நாள் கழித்து, 'கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க' என்று மறுபடி எழுதினார். அதையும் மறைத்தேன். மூன்றாவதைப் பாதிதான் படித்திருப்பேன்.

அந்த மாதத்தின் ரிவ்யூ மீட்டிங் பகல் பன்னிரண்டு மணிக்கு. கம்பெனியின் மார்க்கெட்டிங் தலைவர் நேரில் வருவதாக இருந்தது. பதினொன்றரைக்குப் பக்கத்தைத் திறந்தேன். நர்ஸின் நான்காவது கமெண்ட் வந்திருந்தது.

'நேத்து சிக்னல்ல வண்டி நிக்காமப் போயி பஸ்ஸு மேல இடிச்சுட்டேன். மணிக்கட்டு உடைஞ்சிருக்கு. பின்னாடி எம் பொண்ணு உக்காந்திருந்தா. அவளுக்கு ஒண்ணுமாகல. தயவுசெஞ்சு யாராவது படிங்க.'

படித்து முடிப்பதற்குள் என் விரல் பழக்கத்தில் ஹைட் பட்டனை அழுத்தியிருந்தது.

ஷீட்டில் அவருடைய எண்ணைத் தேடி எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனேன். என் போனிலிருந்தே கூப்பிட்டேன்.

"ஏனுங்க, கம்பெனியிலிருந்தா பேசறீங்க?" அவர் குரலில் கோபமே இல்லை. "அப்பாடா. யாருமே பாக்கலையோன்னு நெனச்சேனுங்க."

"வண்டி இப்ப எங்கீங்க இருக்குது?"

"வீட்டுலதான். நாளைக்கு எங்கூட்டுக்காரரு எடுத்துட்டுப் போறேங்கறாரு."

"எடுக்க வேண்டாங்க. யாரும் தொட வேண்டாம்."

மேலே வந்தபோது டீம் லீட் கடைசி ஸ்லைடைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"மீட்டிங் முடியட்டும்" என்றாள் இந்தியில். "ஒரு கமெண்ட்டை வச்சு ஒரு மாச உழைப்பைக் கெடுக்காதே."

"ஒண்ணு இல்ல, நாலு. நான்தான் மறைச்சேன்."

"உன் வேலையைத்தானே செஞ்சே. முடிஞ்சதும் பேசலாம்."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. மறைத்திருந்த நான்கு கமெண்ட்டுகளையும் ஒவ்வொன்றாக எல்லாருக்கும் தெரியும்படி திறந்துவிட்டேன். அன்றைய போஸ்ட்டுக்கு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, நிறையப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மீட்டிங்கில் ரீச், என்கேஜ்மென்ட் என்று, எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பதில் போட்டார்கள் என்ற ஸ்லைடுகள் ஓடின. எல்லாக் கோடும் மேலே ஏறியது. இன்றைக்குக் கமெண்ட் திடீரென்று கூடியிருக்கிறது, நல்ல அறிகுறி என்றான் எண்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் ஆள். மார்க்கெட்டிங் தலைவர் சந்தோஷமாக, "அந்தப் பக்கத்தையே காட்டுங்களேன்" என்றார்.

பெரிய திரையில் பக்கம் விரிந்தது. நர்ஸின் கமெண்ட் மேலேயே நின்றது. அதன் கீழே வரிசையாகத் தமிழில் பதில்கள். மார்க்கெட்டிங் தலைவர் என்னைப் பார்த்தார். "என்ன எழுதியிருக்காங்க?"

டீம் லீட் மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். நான் படித்து ஆங்கிலத்தில் சொன்னேன். மணிக்கட்டு, பஸ், பின்னால் இருந்த குழந்தை. கீழே சேலத்துக்காரர் ஒருவர் எழுதியது: 'என் வண்டியும் இப்படித்தான் இழுக்குது.' இன்னொருவர்: 'எனக்கும்.'

மார்க்கெட்டிங் தலைவர், புனேக்கு வெளியே சாகணில் இருக்கும் கம்பெனித் தொழிற்சாலையின் இன்ஜினியரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். இன்ஜினியர் முழுக்கக் கேட்டுவிட்டு, எல்லாரும் எந்த மாதம் வாங்கிய வண்டி என்று கேட்டார். நர்ஸுடையது ஷீட்டில் இருந்தது; மற்ற இருவரிடமும் கமெண்ட்டிலேயே கேட்டுச் சொன்னேன். மூன்றும் ஒரே மாதம். பிறகு, "முதல்ல விளம்பரத்தை நிறுத்துங்க" என்றார்.

அன்று சாயங்காலமே விளம்பரம் நின்றது. அந்த மாத வண்டிகளையெல்லாம் திரும்ப வரவழைத்தார்கள். என்னை ஒரு பிஸ்கட் கம்பெனியின் பக்கத்துக்கு மாற்றினார்கள். டீம் லீட் என்னைத் திட்டவில்லை. வெகுநாள் பேசவும் இல்லை.

நான்கு நாள் கழித்து அந்த நர்ஸ் என் நம்பருக்குக் கூப்பிட்டார்.

"ஆளுங்க வந்து வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. நீங்க ஒருத்தராவது படிச்சீங்களே, ரொம்ப நன்றிங்க."

நன்றியை வாங்கிக்கொண்டு போனை வைத்திருக்கலாம். முடியவில்லை.

"முன்னாடி எழுதுனதும் எங்கண்ணுல பட்டதுங்க. யாருக்கும் தெரியாம மறைச்சு வச்சது நான்தான்."

கட்டுப் போட்ட கையோடே டூட்டிக்கு வந்திருந்தார் போல, அந்தப் பக்கம் வார்டுச் சத்தம் கேட்டது. யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

"அப்பவே ஒரு போன் பண்ணியிருக்கலாமேங்க" என்றார். டாக்டர் ரவுண்ட்ஸுக்கு வந்துவிட்டார் என்று சொல்லி வைத்துவிட்டார்.